அந்த அக்கா காலில் விழவில்லை

ஐம்பத்தெட்டாம் வருடம் என்று நினைக்கிறேன். குன்றாண்டார்கோவிலுக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்து ஆரம்பப் பள்ளியில் ஆசிரியையாக இருந்தேன். இருபத்து மூன்று வயது. கதை எழுதும் பைத்தியம் பிடித்திருந்த காலம். எழுதி எழுதி அனுப்புவேன். தபால்தலை ஒட்டி நான் வைத்த உறையிலேயே அத்தனையும் திரும்பி வரும்.

பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே ஒரு அக்கா இட்லிக் கடை வைத்திருந்தார். கல்யாணமான இரண்டாம் வருடமே கணவர் மலேயாவுக்குப் போய்விட்டார். ஒரு கடிதம்கூடப் போடவில்லை. ஒன்பது வருடம் கழித்து, ஒருநாள் காலையில் பெட்டியோடு வந்து கடை பெஞ்சில் உட்கார்ந்தாராம். அக்கா அவரைத் திருப்பி அனுப்பிவிட்டாராம். இவ்வளவுதான் எனக்குத் தெரியும். அதுவும் என்னோடு வேலை பார்த்த டீச்சர் சொல்லிக் கேட்டது. கேட்ட அன்றே உட்கார்ந்து கதையாக எழுதிவிட்டேன். முடிவில் அந்தப் பெண் கணவனைப் பார்த்து ஒரு பக்கம் முழுக்க நியாயம் கேட்பாள். அந்தப் பக்கத்தை எனக்கு நானே எத்தனை தடவை படித்துக்கொண்டேனோ!

புதுக்கோட்டையிலிருந்து வந்துகொண்டிருந்த ஒரு மாதப் பத்திரிகைக்கு அனுப்பினேன். போட்டுவிட்டார்கள்! தபால்காரர் கொடுத்ததும் பள்ளி வாசலிலேயே நின்று பிரித்தேன். தலைப்புக்குக் கீழே என் பெயர். ஆனால் கடைசிப் பக்கம் என்னுடையது இல்லை. கணவனைக் கண்டதும் அந்தப் பெண் ஓடிவந்து அவன் காலில் விழுகிறாள். கண்ணீரால் பாதத்தை நனைக்கிறாள். 'நீங்கள் வந்ததே போதும்' என்கிறாள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் பெயர் மட்டும் பத்திரமாக இருந்தது.

அந்தச் சனிக்கிழமையே பஸ் ஏறிப் புதுக்கோட்டைக்குப் போனேன். பத்திரிகை ஆசிரியர் புரூஃப் திருத்திக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் சிரித்தார்.

"மொதக் கதை அச்சுல வந்திருக்கு. சந்தோஷப்படாமச் சண்டைக்கு வந்திருக்கீங்களே டீச்சர்?"

"நான் எழுதாததுக்கு எதுக்குங்க என் பேரு?"

"புதுசா எழுதுறவங்களுக்கு இதெல்லாம் தெரியாதும்மா. முடிவுல வாசகர் கண்ணு கலங்கணும். புருஷன வெரட்டுற பொம்பளைய யாரு படிப்பா? ஒங்களுக்குக் கதை எழுதக் கத்துக்குடுத்திருக்கேன்னு நெனைச்சுக்கங்க."

முடிவு என்னுடையது இல்லை என்று அடுத்த இதழில் ஒரு வரி போடச் சொன்னேன். முடியாது என்றுவிட்டார். திரும்பி வரும்போது பஸ்ஸில் வழி நெடுக அவரோடு மனசுக்குள் சண்டை போட்டுக்கொண்டே வந்தேன்.

இறங்கியதும் இட்லிக் கடை அக்கா கூப்பிட்டார். அவர் கையில் அதே பத்திரிகை. அவருக்குப் படிக்கத் தெரியாது. சாப்பிட வந்த யாரோ வாசித்துக் காட்டியிருக்கிறார்கள். நான் பெயரைத்தான் மாற்றியிருந்தேன். பஸ், பெஞ்சு, மலேயாப் பெட்டி எல்லாம் அப்படி அப்படியே இருந்தன.

"நான் எப்ப டீச்சர் அவரு கால்ல விழுந்தேன்?"

பத்திரிகையைப் பெஞ்சின் மேல் போட்டார்.

"ஊரே சிரிக்குது. நேத்து மாமியா வந்து, 'கதையிலயே சேத்து வச்சுட்டாக, நீ மனசு எறங்கக் கூடாதா'ன்னு பொஸ்தகத்த நீட்டுது. நான் என்ன பதில் சொல்ல?"

பத்திரிகை ஆசிரியர் செய்த அநியாயத்தைக் கொட்டித் தீர்த்தேன். "என்னைய ஒரு வார்த்தை கேக்காம மாத்திட்டாருக்கா!"

அக்கா என்னையே பார்த்தார். "அவரு ஒங்களக் கேக்கலங்குறீங்க. நீங்க என்னையக் கேட்டீங்களா?"

அவ்வளவு நேரம் அந்த மனிதர் மேல் இருந்த கோபம் அத்தனையும் என் மேலேயே திரும்பியது.

மறுநாள் காலை கடையில் கூட்டம் இருக்கும் நேரம் பார்த்துப் போனேன். அச்சான முடிவு நான் எழுதியது இல்லை, இந்தக் கதையையே அக்காவைக் கேட்காமல் எழுதியது என் தப்பு என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். பிறகு என் கையெழுத்துப் பிரதியை எடுத்து, நான் எழுதிய முடிவை வாசித்தேன். வாசிக்க வாசிக்கக் குரல் உயர்ந்தது. முடித்ததும் இரண்டு பேர் பலே என்றார்கள். மாவு ஊற்றிக்கொண்டிருந்த அக்கா சிரித்துவிட்டார்.

"அம்புட்டையும் நானா பேசுனேன்? அடுப்புல இட்லி வேகுது. நின்னு பேச எனக்கு ஏது டீச்சர் நேரம்?"

"அப்ப என்னதாங்க்கா சொன்னீங்க?"

"இட்லி தீந்துபோச்சுன்னேன். அம்புட்டுத்தான். தட்டுல பாதிக்கு மேல இருந்துச்சு. அவரும் பாத்தாரு. பெட்டியத் தூக்கிக்கிட்டுப் போயிட்டாரு."

எனக்கு அவமானமாக இருந்தது. அந்தப் பத்திரிகை ஆசிரியர் இவரை அழவைத்தார், நான் மேடையேற்றிப் பேசவைத்தேன். இத்தனைக்கும் தினமும் பள்ளிக்குப் போகும் வழியில் பார்த்த மனுஷி!

மறுபடி எழுதலாமா என்று கேட்டேன். யோசித்துவிட்டுச் சொன்னார்: "ஊர மாத்துங்க, கடைய மாத்துங்க. நான் சொன்னத மட்டும் மாத்தாதீங்க."

நாலு தடவை திருத்தி எழுதினேன். ஒரு பக்கப் பேச்சு ஒற்றை வரியானது. மறு வருடம் வேறொரு பத்திரிகையில் ஓர் எழுத்து மாறாமல் வந்தது. வாசிக்கச் சொல்லிக் கேட்ட அக்கா, "இது சரி" என்று மட்டும் சொன்னார். கடையில் நான் வாசித்த நாளுக்குப் பிறகு மாமியாரும் அந்தப் பக்கம் வரவில்லை.

முதல் பத்திரிகைக்காரர் மேல் எனக்கு இன்றும் கோபம் தீரவில்லை, தீரவும் வேண்டாம். புதிதாக எழுத வருகிறவர்களிடம், உங்கள் வரியை உங்களைக் கேட்காமல் மாற்றினால் சும்மா விடாதீர்கள், சண்டை போடுங்கள் என்றுதான் சொல்கிறேன்; ஆனால் சண்டைக்குக் கிளம்பும்போதெல்லாம், அந்த வரியை நான் யாரைக் கேட்டு எழுதினேன் என்று எனக்குள் ஒரு குரல் கேட்காமல் விடுவதில்லை.