ஸ்டெடி வேலைக்குச் சேர்ந்த அரை நாள்

கப்பல் படிப்பு அகாடமியில் அவளுக்கு வைத்த பெயர் ஸ்டெடி. கப்பலை நேராக ஓட்டுகிறவள் என்பதால் வந்த பட்டம் என்று அவள் அம்மா அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டிருந்தாள். நடந்தது வேறு. முதல் வருடம், திரையில் பொய்க் கடல் ஓடும் பயிற்சி அறையில், சுக்கான் அவள் கையில் இருந்தது. "ஸ்டெடி" என்றார் பயிற்சியாளர். இதே திசையில் போ என்று அர்த்தம். அடுத்த கட்டளைக்குள் அவருக்குத் தும்மல் பிடித்துக்கொண்டது. ஒன்றல்ல, அடுக்குத் தும்மல். அவர் மூக்கைத் துடைத்து நிமிர்வதற்குள், எதிரே நங்கூரம் போட்டிருந்த எண்ணெய்க் கப்பலில் இவள் நேராகக் கொண்டுபோய் முட்டியிருந்தாள்.

அந்தப் படிப்பில் முதலில் ஒட்டிக்கொள்வது ஒரு பழக்கம். கட்டளை காதில் விழுந்ததும் அதையே திருப்பிச் சொல்ல வேண்டும். வலப்பக்கம் பத்து டிகிரி திருப்பு என்பதற்கு "ஸ்டார்போர்ட் டென்" என்றால், பதிலும் "ஸ்டார்போர்ட் டென்". அதன் பிறகுதான் கை சுக்கானைத் திருப்பும். காற்றும் எஞ்சினும் போடும் இரைச்சலில், சொன்னது சரியாகப் போய்ச் சேர்ந்ததா என்று சொன்னவருக்குத் தெரிந்தாக வேண்டுமே. நான்கு வருடப் படிப்பு, அதில் ஒரு வருடம் சரக்குக் கப்பலில் பயிற்சி. விடுமுறைக்கு வந்தால், "பாலை இறக்கி வைடீ" என்பாள் அம்மா. "பாலை இறக்கி வைக்கிறேன்" என்று அடுக்களையிலிருந்து பதில் வரும்.

"அதுக்கு எதுக்குடீ இந்த முழக்கம்? பேசாம இறக்கு!"

படிப்பு முடியும் சமயம் வந்தது. அரசாங்கச் செலவில் படித்தவர்கள் சில வருடம் இந்தத் தொழிலில் இருந்தாக வேண்டும். கப்பலில் மூன்றாம் அதிகாரியாகப் போகலாம். துறைமுகத்தில் கரை வேலையும் பார்க்கலாம். இரண்டும் கணக்கில் சேரும். அவளுடைய தொல்லையே அதுதான். வழி ஒன்றுதான் என்று சொல்லியிருந்தால் முணுமுணுத்துக்கொண்டாவது போயிருப்பாள். கப்பல் கம்பெனி ஒன்று அவளை வேலைக்குக் கூப்பிட்டு, பதிலுக்குக் காத்திருந்தது. பயிற்சிக் கப்பலில் இருந்தபோது ஆடாத கட்டிலில் ஒரு தூக்கம் தூங்க ஏங்கியவள், விடுதியில் ஆடாத கட்டிலில் புரண்டு புரண்டு படுத்தாள்.

பட்டமளிப்பு அணிவகுப்பு ஒத்திகைக்கு நடுவே மாமா போன் செய்தார். அம்மாவின் தம்பி, துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர்.

"பாப்பா, சரக்கு ஏத்த பிளான் போடற ஆபீஸ்ல ஒரு எடம் காலி. மேனேஜர்கிட்ட பேசிட்டேன். திங்கக்கிழமை வந்து சேந்துடு!"

பின்னால் பேண்டு முழங்கிக்கொண்டிருந்தது. "திங்கக்கிழமை வந்து சேந்துடறேன்!" என்று கத்தினாள்.

காதில் விழுந்தது என்று தெரிவித்தாள், அவ்வளவுதான். யோசித்துச் சொல்கிறேன் என்று அடுத்து வாயெடுப்பதற்குள் மாமா வைத்துவிட்டார். திரும்ப அழைத்தால் எடுக்கவில்லை, கிரேனில் பெட்டி தூக்கிக்கொண்டிருப்பார். சாயங்காலம் அம்மா போனில் விசும்பினாள், சந்தோஷத்தில்.

"நீயே ஒத்துக்கிட்டியாமே!"

"நான் எங்கம்மா ஒத்துக்கிட்டேன்?"

"வந்து சேந்துடறேன்னு சொன்னியா, இல்லியா?"

"சொன்னேன். அது வந்து... கேட்டுச்சுன்னு சொன்னேன்."

"கேட்டுச்சுன்னா கேட்டுச்சுன்னு சொல்லணும். உலகத்துல எல்லாரும் அப்படித்தான் பேசறாங்க."

அறைத்தோழி எஞ்சின் பிரிவு. அவளிடம் நியாயம் கேட்டாள். "கப்பல்ல திருப்பிச் சொல்லிட்டு சுக்கானைத் திருப்பாம நின்னா விடுவாங்களா?" என்றாள் அவள்.

"தப்பான ஆர்டரா இருந்தா?"

"இது தப்பான ஆர்டரா?"

அதுதானே தெரியவில்லை.

நேரில் போய் மறுத்துவிடுவதுதான் மரியாதை என்று திங்கட்கிழமை போனாள். மேனேஜர் வாயைத் திறக்க விடவில்லை. "வாம்மா, உன் மாமா உன்னைப் பத்தியே பேசுவாரு" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். உட்கார்ந்து சொல்லலாம் என்று உட்கார்ந்தாள். திரையில் ஒரு கப்பலின் குறுக்குவெட்டு, கட்டம் கட்டமாக. கனமான பெட்டி கீழே, லேசானது மேலே, முதல் துறைமுகத்தில் இறங்குவது எல்லாவற்றுக்கும் மேலே. பழகிப் பார்க்கச் சொன்னார். ஒரு பெட்டி வைத்தாள். இன்னொன்று வைத்தாள். வேலை பிடித்துப்போயிற்று. அதில்தான் அவளுக்குப் பயம் வந்தது. ஜன்னலுக்கு வெளியே ஒரு கப்பலின் தளத்தில், தலைக்கவசம் போட்ட அதிகாரி ஒருவன் இதே மாதிரி பிளானைப் பார்த்து யாரையோ திட்டிக்கொண்டிருந்தான். அவன் இடத்தில் நிற்க ஆசைப்பட்டாளா, நல்லவேளை நானில்லை என்று நினைத்தாளா? இரண்டும் ஒன்றாகவே வந்தன.

"அடையாள அட்டைக்கு போட்டோ எடுத்துடலாம், வாம்மா" என்றார் மேனேஜர். ஒரு நிமிடம் என்று வராந்தாவுக்கு ஓடி மாமாவை அழைத்தாள்.

"மாமா, நான் வரல."

"எங்க வரல?"

"ஆபீஸுக்கு."

"இப்ப எங்க இருக்கே?"

"ஆபீஸ்லதான்."

கிரேன் உச்சியின் காற்றுக்கு நடுவே மாமா கேட்டார், "பாப்பா, காலையில எதாவது சாப்பிட்டியா?"

"கப்பலுக்குப் போறேன் மாமா. அதுதான் பிடிச்சிருக்கான்னு கேக்காதீங்க, தெரியல. இந்த வேலையும் நல்லாத்தான் இருக்கு. இப்ப உக்காந்துட்டா அப்புறம் எந்திரிக்க மாட்டேன்னு தோணுது."

"அந்த மனுஷன் மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்?"

"நானே சொல்லிடறேன்."

"தாயே, நீ ஒண்ணும் சொல்லாதே! நீ வாயைத் தொறந்தா வேற என்னமோ ஆயிடுது."

ஆனாலும் அவளே போய்ச் சொன்னாள். மேனேஜர் கோபப்படவில்லை; குழம்பிப்போனார்.

"எந்தக் கப்பல்?"

"தெரியல சார்."

"எத்தனை மாசம்?"

"தெரியல சார்."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

அதற்கு மட்டும் அவளுக்குப் பதில் தெரிந்திருந்தது. பையை எடுத்துக்கொண்டு படியிறங்கும்போதே வீட்டுக்குப் போன் போட்டாள். இவள் வாயைத் திறப்பதற்கு முன் அங்கிருந்து குரல் வந்தது.

"என்னடீ, மொத நாள் வேலை எப்படி இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சும்மா" என்றாள். அது உண்மைதான். மீதியை இனிமேல்தான் சொல்ல வேண்டியிருந்தது.