எந்த வருஷத்துத் தேங்காய்?

ஒரு கையால் தொட்டிலை ஆட்டிக்கொண்டே எழுதுகிறேன். எழுத்துக் கோணினால் பொறுத்துக்கொள்ளுங்கள். கடைக்காரர்கள் பிளொப்பித் தட்டில் கொண்டுவரும் கணக்கைக் கம்ப்யூட்டரில் வருமான வரிப் புரோகிராமுக்குள் ஏற்றுவது என் வேலை. ஏற்றிப் பார்த்தவர்களுக்கு நான் ஒன்றும் சொல்லத் தேவையில்லை.

அதிகம் படிக்காதவள் என்பதால், கண்டியில் கணக்கு ஒபிஸ் நடத்தும் ஐயா என்னைத் தற்காலிகமாகத்தான் வைத்திருக்கிறார். நிரந்தரமானால் ஒபிஸ் அடையாள அட்டை கிடைக்கும். இந்த யுத்தக் காலத்தில் வத்தேகமவில் இருந்து கண்டிக்கு பஸ் ஏறும் தமிழ்ப் பொம்பளைக்குச் சம்பளத்தைவிட அந்த அட்டை பெரிது.

சாமிக்கு வரி இலக்கம்

ஒரு புடவைக்கடைக் கணக்கு பாதியில் நின்றுவிட்டது. மூன்றாவது பங்காளிக்கு வரி இலக்கம் வேண்டுமாம். பங்காளியின் பெயர் பிள்ளையார். இலாபத்தில் சாமிக்கும் ஒரு பங்கு எழுதுவது அந்தக் கடை வழக்கம். கடை முதலாளியிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். அவர் சொன்னார்: "என் இலக்கத்தையே போடும்மா. அவரும் எங்க வீட்லதான இருக்காரு."

பைக்குள் என்ன?

சோதனைச் சாவடியில் பையைக் கொட்டச் சொன்னார்கள். பிள்ளையின் பால் போத்தலோடு பிளொப்பியும் விழுந்தது. கடைக் கணக்கு என்று சொன்னேன். ஒபிஸ் அட்டை கேட்டார்கள். இல்லை. என்னை விட்டுவிட்டு பஸ் போய்விட்டது. ஆமிக்காரப் பையன் பிளொப்பியை வெயிலில் பிடித்து, திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு அரைகுறைத் தமிழில், தங்கச்சி என்பதை மட்டும் சிங்களத்தில் சொல்லி, "கணக்கு எங்கே நங்கி? ஒண்ணும் எழுதி இல்லையே."

இரண்டு வருஷப் பிறப்பு

வரிக்காரருக்கு வருஷம் பிறப்பது ஏப்ரல் முதலாம் திகதி. தெல்தெனியப் பலசரக்குக் கடை முதலாளிக்குச் சித்திரைப் புத்தாண்டில், அதுவும் நல்ல நேரம் பார்த்து. ஏப்ரலில் அதுவரை நடந்த வியாபாரமெல்லாம் பழைய வருஷக் கணக்கில் கிடந்தது. புரோகிராம் அதைத் தொடவே இல்லை. "இதுவும் ஏறலன்னா நான் வேற ஆள்தான் பார்க்கணும்" என்றார் ஐயா.

ஏப்ரல் பிறந்த பிறகு நடந்ததை மட்டும் பிரித்தெடுத்துப் புது வருஷத்தில் போட்டேன். ஏறிவிட்டது. ஐயா திரையைப் பார்த்துவிட்டு அடுத்த பிளொப்பியை என் மேசையில் வைத்தார். முதலாளிக்குப் போனில் விஷயத்தைச் சொன்னேன். "என் கடைக்கு நேரம் பார்க்காமலே வருஷத்தைப் பிறக்க வச்சிட்டியே தங்கச்சி. அப்ப இடையில நான் வித்தது எந்த வருஷத்துத் தேங்காய்?"

ஆக, கடைக்காரர் சாமியையும் நல்ல நேரத்தையும் விடமாட்டார், கம்ப்யூட்டர் இரண்டையும் சேர்க்காது, நடுவில் கிடந்து நாங்கள்... பக்கத்து வீட்டு அக்கா கூப்பிடுகிறா, போனில் ஐயாவாம், திங்கட்கிழமை வரும்போது ஒபிஸ் அட்டையில் ஒட்ட என் படம் இரண்டு வேணுமாம்...