பன்னிரண்டு எஞ்சின்களுக்கு வைத்த பொட்டு

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் ஒரே கூரையின் கீழ் எட்டு வீடுகள், எட்டுக் கதவுகள். எட்டில் ஒன்றுகூட நேராக மூடாது. கூரைத் தகரம் எந்த இடத்தில் ஒழுகும், அதற்கு எந்தச் சட்டியை வைக்க வேண்டும் என்பதில் அம்மாவுக்கு நல்ல தேர்ச்சி உண்டு. தோட்டம் எத்தனையோ கை மாறியிருக்கிறது. வந்த துரைமார்களில் ஒருவர்கூட இந்தக் கதவு கோணலாக இருக்கிறதே என்று சொன்னதாக எனக்கு நினைவில்லை. அப்படிப்பட்ட வீட்டிலிருந்து என் சித்தி தினமும் விடிந்தும் விடியாமலும் புறப்பட்டு, வட்டவளையில் பஸ் ஏறி, கினிகத்தேனைப் பாதையில் இருந்த ஒரு தொழிற்சாலைக்குப் போவாள். அங்கே கைக்கு அடக்கமான ரயில் எஞ்சின்களைத் தூக்கிப் பார்த்து, பக்கவாட்டில் ஓடும் வெள்ளைக் கோடு தலைமயிர் அளவு விலகியிருந்தால் அதைத் திருப்பி அனுப்புவதுதான் அவளுடைய வேலை.

பொம்மை என்று சொன்னால் சித்திக்குப் பிடிக்காது. மொடல் என்றுதான் சொல்ல வேண்டும். ஒரு காலத்தில் நிஜமாகவே ஓடிய நீராவி எஞ்சின்களின் சின்ன உருக்கள் அவை. ஒரு சாண் நீளம் இருக்கும். பெட்டியிலிருந்து எடுத்துத் தண்டவாளத்தில் வைத்தால் அப்படியே ஓட வேண்டும், வாங்குகிறவர் ஒரு திருகாணியைக்கூடத் தொடக் கூடாது. நீராவி எஞ்சின் என்பது பேருக்குத்தான், வயிற்றுக்குள் இருந்தது மின்சார மோட்டார். குளிர்தேசத்து வயதான மனிதர்கள் இவற்றை வாங்கி, பூதக்கண்ணாடி வைத்து ஆணிகளை எண்ணுவார்களாம். உண்மையான எஞ்சினில் இந்த இடத்தில் பதினோரு ஆணி இருந்தது, நீங்கள் பத்துதான் வைத்திருக்கிறீர்கள் என்று எழுதிக் கேட்பார்களாம்.

"அவனுங்களுக்கு வேற சோலியே இல்ல போல" என்றாள் அம்மா.

எனக்கு அந்த மனிதர்கள் மீது இன்றைக்கும் ஒரு கோபம் உண்டு. அது நியாயமில்லை என்றும் தெரியும். விலை கொடுத்து வாங்கியவர்கள், சரியாக இருக்க வேண்டும் என்று கேட்டார்கள். கேட்டது தப்பா என்ன? எங்களுக்குக் கேட்டுப் பழக்கமில்லை, அவ்வளவுதான்.

சித்தி சாதாரண தரப் பரீட்சையில் கணக்குப் பாடத்தில் நல்ல புள்ளி எடுத்துத் தேறியவள். எங்கள் லயத்திலிருந்து கொழுந்துக் கூடை இல்லாமல் தோளில் கைப்பை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போன முதல் ஆள் அவள்தான். சேர்ந்தபோது சக்கரம் பூட்டுகிற வேலை. இரண்டே வருடத்தில் கடைசிச் சோதனை மேசைக்கு வந்துவிட்டாள். மேசையில் கண்ணாடி பதித்த ஒரு விளக்கு. சக்கரங்களுக்கு நடுவே செருகி இடைவெளி பார்க்கப் பித்தளைத் துண்டு ஒன்று. முன்னுக்கும் பின்னுக்கும் ஓடவிட்டுப் பார்க்க வட்டத் தண்டவாளம். எண் நேராக ஒட்டியிருக்கிறதா, கைப்பிடிக் கம்பி வளைந்திருக்கிறதா, ஓடும்போது சக்கரம் தள்ளாடுகிறதா என்று நாற்பதுக்கு மேற்பட்ட சோதனைகள். எல்லாம் சரியென்றால் பெட்டிக்குள் ஒரு சின்னச் சீட்டு வைப்பாள். சோதித்த ஆளின் நம்பர் அதில் இருக்கும். சித்தியின் நம்பர் ஏழு. ஏழாம் நம்பர் சீட்டு இருந்தால் வாங்குகிற கம்பனிக்காரர்கள் பெட்டியைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை என்று ஒருநாள் சோறு தின்றுகொண்டே சொன்னாள். அன்று அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

அடுத்த வருடம் அவளைச் சோதனைப் பகுதிக்குப் பொறுப்பாகப் போடுவதாக இருந்தது. போட்டதும் கினிகத்தேனையில் ஒரு வீடு வாடகைக்கு எடுப்பதாகவும், அம்மாவையும் என்னையும் அங்கே கூட்டிக்கொண்டு போவதாகவும், என்னை டவுன் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதாகவும் திட்டம். அப்பா கொழும்பில் ஒரு கடையில் நின்றார், வருடத்துக்கு இரண்டு தடவைதான் வருவார். ஆகவே இந்தத் திட்டம் முழுக்க முழுக்கச் சித்தியின் தலையில்தான் நின்றது. அம்மா வெளியே சொல்லிக்கொள்ளாவிட்டாலும், எந்தச் சாமானைக் கொண்டுபோவது, எதைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுப்பது என்று மனதுக்குள் பிரித்து வைத்துவிட்டாள். நானோ பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிவிட்டேன்.

அந்தத் தொழிற்சாலையில் ஆயுத பூசை கும்பிடுகிற வழக்கம் சித்தியால்தான் வந்தது. மேனேஜர் கெட்ட மனிதர் இல்லை. ஆனால் கற்பூரப் புகையும் எண்ணெயும் பெயின்ட் பக்கம் வந்தால் என்ன ஆகும் என்று பயந்தார். வேலை செய்த பெண்களில் பாதிப் பேர் தோட்டத்துப் பிள்ளைகள். கையில் பிடிக்கிற சாமானுக்கு வருடத்தில் ஒருநாள் பொட்டு வைக்காமல் வேலை செய்வது அவர்களுக்கு மனசுக்கு ஒப்பவில்லை. சித்திதான் இரண்டு தடவை போய்ச் சிங்களத்தில் பேசினாள். ஒரு பொருளும் பழுதாகாது, அதற்கு நான் பொறுப்பு என்று சொல்லி அனுமதி வாங்கினாள். இரண்டு வருடம் ஒரு குறையும் இல்லாமல் நடந்தது. மூன்றாவது வருடம் என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். எனக்கு அப்போது எட்டு வயது.

சனிக்கிழமை. வேலை முடிந்து, தரை கழுவி, மாவிலை கட்டி, கடலையும் பொரியும் எடுத்து வைத்திருந்தார்கள். மழை விடாமல் தூறிக்கொண்டிருந்தது. சித்தி என் கையில் சந்தனக் கிண்ணத்தையும் குங்குமச் சிமிழையும் கொடுத்தாள். திருகாணி முடுக்கிகள், பெயின்ட் அடிக்கிற குழல்கள், துளைபோடும் மெஷின் என்று ஒவ்வொன்றாகக் காட்டினாள். நான் மோதிர விரலால் சந்தனம் வைத்து, அதன் நடுவில் குங்குமம் வைத்தேன். எல்லாரும் என்னைக் கெட்டிக்காரி என்றார்கள். கடைசியாகச் சித்தியின் மேசை. விளக்குக்கும் பித்தளைத் துண்டுக்கும் வைக்கச் சொல்லிவிட்டு, கற்பூரம் ஏற்றக் கூப்பிட்டார்கள் என்று அவள் போய்விட்டாள்.

மேசையின் மறுபக்கம் ஒரு தட்டு இருந்தது. அதில் பன்னிரண்டு எஞ்சின்கள் வரிசையாக நின்றன. சோதனையெல்லாம் முடிந்து, பெட்டியில் போட வேண்டியதுதான் பாக்கி. கறுப்பு நிறம். முன்னால் வட்டமான கதவு, அதற்குச் சின்னஞ்சிறு கீல்கள், நடுவில் ஒரு கைப்பிடி. எனக்கு அது முகமாகத்தான் தெரிந்தது. எங்கள் ஊரில் பூசை நாளன்று லொறிக்குப் பொட்டு, பஸ்ஸுக்குப் பொட்டு, கவாத்துக் கத்திக்குப் பொட்டு, கொழுந்து நிறுக்கிற தராசுக்கும் பொட்டு. இங்கே திருகாணி முடுக்கிகூடப் பொட்டோடு இருக்கிறது, எஞ்சின்கள் மட்டும் வெறும் நெற்றியோடு நிற்கின்றன. பாவமாக இருந்தது. பன்னிரண்டுக்கும் வைத்தேன். சித்தி பார்த்தால் மெச்ச வேண்டும் என்று நேராக, சரியாக நடுவில், ஒரே அளவாக வைத்தேன். ஒன்றுகூடக் கோணல் இல்லை.

திரும்பி வந்த சித்தி சத்தம் போடவில்லை. ஈரத்துணி எடுத்து ஒவ்வொன்றாகத் துடைத்தாள். கீலுக்குள் போனதை மெல்லிய தூரிகையால் எடுத்தாள். வெளியே லொறிக்காரர் ஹார்ன் அடிக்கத் தொடங்கிவிட்டார். அந்தப் பன்னிரண்டும் அன்றைக்கே கொழும்புக்குப் போக வேண்டியவை. விளக்கின் கீழ் ஒவ்வொன்றையும் பிடித்துப் பார்த்தாள். கறுப்பாகத்தான் இருந்தன. பன்னிரண்டு சீட்டு வைத்தாள்.

"இத யாருகிட்டயும் சொல்லக் கூடாது. அம்மாகிட்டயும்தான்" என்றாள்.

அது எங்கள் இரண்டு பேருக்கும் மட்டுமான ரகசியம் என்பதில் எனக்குப் பெருமையாக இருந்தது. வரும் வழியில் பஸ்ஸில் அவள் மடியில் தூங்கிவிட்டேன். அடுத்த வாரத்துக்குள் எல்லாவற்றையும் மறந்தும் விட்டேன்.

துடைத்தபின் மிஞ்சுகிற சந்தனம் ஈரமாக இருக்கும்வரை கறுப்பின் மேல் தெரியாது. காய்ந்தால்தான் வெளுக்கும். துடைத்த ஈரம் காய்ந்தபிறகு இன்னொரு தடவை பார்க்க வேண்டும் என்பது சித்திக்குத் தெரியாமல் இல்லை. முறைப்படி பார்த்தால் பன்னிரண்டுக்கும் சிவப்புச் சீட்டு ஒட்டி, திரும்பப் பெயின்ட் பகுதிக்கு அனுப்பி, காரணம் எழுத வேண்டும். காரணம் என்று எதை எழுதுவது? பூசையை எழுதினால் பூசை போய்விடும். பிள்ளையை எழுதினால், சோதனை மேசையில் பிள்ளையைத் தனியாக விட்டது யார் என்ற கேள்வி வரும். தலைமயிர் அளவு கோணலுக்கு எஞ்சினைத் திருப்பி அனுப்பியவள், அன்று வாசலில் அடித்த ஹார்னுக்குப் பயந்து பன்னிரண்டை விட்டுவிட்டாள்.

இதையெல்லாம் நான் அறிந்தது பத்து வருடம் கழித்து. சித்தியோடு வேலை செய்த பெட்டி கட்டும் அக்கா ஒருநாள் பஸ்ஸில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். என்னை அடையாளம் கண்டுகொண்டு, எனக்குத் தெரியும் என்ற நினைப்பில் பேச்சோடு பேச்சாகச் சொன்னார். அந்தக் குளிர்தேசத்தில் ஒரு மனிதர் தன் எஞ்சினைப் படமெடுத்துப் பெரிதாக்கி அனுப்பியிருக்கிறார். படத்தில் கதவின் கீலைச் சுற்றி வெள்ளையாக ஒரு வளையம், அதற்குள் நூல்போலச் சிவப்பு. என்ன நோய் இது, துருவா, பூஞ்சணமா என்று கேட்டிருக்கிறார். பிறகு மற்றப் பெட்டிகளும் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. எல்லாவற்றிலும் ஏழாம் நம்பர் சீட்டு. மேனேஜர் கூப்பிட்டுக் கேட்டபோது, நானேதான் பூசைக்குப் பொட்டு வைத்தேன் என்று சித்தி சொல்லியிருக்கிறாள்.

"தொடைச்ச துணிய நான்தானே பாத்தேன். சந்தனக் கிண்ணம் ஒங்கையிலதானே இருந்துச்சு, சின்னப் புள்ள வெச்ச பொட்டுன்னு எனக்குத் தெரியும். ஒன் பேர அவ எடுக்கவே இல்ல" என்றார் அந்த அக்கா.

சித்தியின் வேலை அத்தோடு போயிற்று. பூசையும் போயிற்று. பூசை போனதற்காக, கூட வேலை செய்த பிள்ளைகள் கடைசி நாளில் அவளோடு பேசக்கூட இல்லையாம். அந்த அக்கா கினிகத்தேனையில் இறங்கிப் போனார். நான் இறங்க வேண்டிய இடமும் அதுதான். இறங்காமல் அவிசாவளைவரை போய்த் திரும்பி வந்தேன்.

ஆனால் அந்த எட்டு வயதில் எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். தை பிறந்து சில நாள் கழித்து, சித்தி நேரத்தோடு வீட்டுக்கு வந்து, சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்காமலே அடுப்பங்கரையில் வைத்தாள். அம்மா என்னவென்று கேட்டாள்.

"புடிக்கலக்கா. நின்னுட்டேன்" என்றாள் சித்தி.

அம்மா நம்பினாள். நம்பியதால் ஆத்திரம் தாங்கவில்லை. திமிர் என்றாள், படிச்ச கொழுப்பு என்றாள், யாரோ ஒருத்தன் பேச்சைக் கேட்டுத்தான் இப்படிச் செய்தாய் என்றுகூடச் சொன்னாள். அந்த மாதமே, தோட்டத்தில் காலையில் ஆள் எடுக்கிற பெரட்டில் சித்தியின் பெயர் பதிந்தது. கைப்பை போய் முதுகில் கூடை ஏறியது.

கொழுந்து பறிப்பதில் சித்தி படுதோல்வி. இரண்டு இலையும் ஒரு குருத்தும் என்று சட்டம் சொல்கிறது. சட்டம் சொன்னபடி பறிப்பவர்கள் யாரும் இல்லை, பறித்தால் நிறை வராது. சித்தி மட்டும் ஒவ்வொரு கொழுந்தையும் திருப்பிப் பார்த்து, முற்றிய இலையைக் கிள்ளி எறிந்து, சரியானதைத்தான் கூடையில் போட்டாள். அவள் கூடையில் குறை கண்டுபிடிக்க யாராலும் முடியாது, ஆனால் தராசில் நிற்காது. கேட்ட நிறை வராத நாளுக்கு அரைப்பேர்தான் போடுவார்கள், பாதிநாள் வேலை செய்த கணக்கு. பறிப்பது இவ்வளவு சுத்தமாக வேண்டாம் என்று மலையில் வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கே சொல்லிப் பார்த்தார். அவளுக்கு வேறு மாதிரி வரவில்லை. பெரும்பாலான நாட்கள் அரைப்பேரோடுதான் வந்தாள்.

அப்படி வந்த ஒரு நாள்தான். நல்ல மழை. வீட்டில் நாலு இடத்தில் ஒழுகிக்கொண்டிருந்தது. என் புத்தகப்பை நனைந்து, கணக்குக் கொப்பியில் மை பரவிவிட்டது. டவுன் பள்ளிக்கூடத்துக்கு எப்போது போகிறாய் என்று அன்று வகுப்பில் ஒருத்தி சிரித்துக்கொண்டே கேட்டிருந்தாள். சித்தி மழைக்கு இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை அவிழ்த்துக்கொண்டு வாசலில் நின்றாள். கையெல்லாம் கறுத்து வெடித்திருந்தது. அம்மா தன் பங்குக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்திருந்தாள். இனி என் முறை என்று எனக்குத் தோன்றியது.

"ஒங்களாலதானே சித்தி நாங்க இன்னும் இந்த லயத்துலயே கெடக்குறோம்? நீங்க வேலைய விடாம இருந்திருந்தா போயிருப்போம்ல?"

அம்மாகூட ஒரு கணம் திரும்பிப் பார்த்தாள். சித்தி சாக்கை உதறிக் கொடியில் போட்டாள். கிட்டே வந்து, நனைந்த கொப்பியை எடுத்து அடுப்புப் பக்கம் விரித்து வைத்தாள்.

"ஆமா புள்ள. என்னாலதான்" என்றாள்.

எனக்கு ஆத்திரம் தணிந்துவிட்டது. குற்றம் செய்தவர் ஒத்துக்கொண்டாரே, அது போதும் என்றிருந்தது. ரொட்டி சாப்பிட்டேன். அவளுக்குப் பக்கத்திலேயே படுத்து, நன்றாகத் தூங்கினேன். ஒருத்தர் தன் வாயாலேயே பழியை ஏற்றுக்கொண்டால், அது அவருடைய பழியாகத்தான் இருக்கும் என்று நம்புகிற வயது எனக்கு.