செபஸ்தியாரை ஏரிக்கரை ஏற்றிய கஸ்பார்

சேந்தமங்கலம் போகிற சாலையில் இருக்கும் சேகோ ஆலையில், ஜவ்வரிசி மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டும் பேசிக்கொண்டே நடக்கிற ஆள் கஸ்பார் ஒருவர்தான். மற்றவர்கள் மூச்சைச் சேர்த்து வைப்பார்கள். அவர் வேடிக்கைக் கதை சொல்வார். கதை முடிவதற்குள் தானே சிரித்துவிடுவார், முடிவைச் சொல்ல மறந்துவிடுவார். கேட்டவர்கள் அவர் சிரிப்பதைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள்.

காயப்போடும் களத்திலிருந்து கிடங்குவரை மூட்டை சுமப்பது அவருடைய பொறுப்பு. களமும் கிடங்கும் ஒரே மட்டம். அங்கிருந்து பலகை வழியாக லாரியில் ஏற்றுவது மாதையனும் அவர் ஆட்களும்.

வாரமெல்லாம் சுமக்கிறவர் என்பதால், ஞாயிற்றுக்கிழமை கஸ்பார் தோளில் துண்டுகூடப் போடமாட்டார். வெறுந்தோளோடுதான் கோயிலுக்குப் போவார். ஜனவரியில் செபஸ்தியார் திருவிழா வரும். புனிதரின் சொரூபம் வைத்த சப்பரத்தை ஊர் இளைஞர்கள் தோளில் சுமந்து வருவார்கள். கஸ்பார் ஓரமாக நின்று கும்பிடுவதோடு சரி. தனக்கும் விடுமுறை வேண்டும் என்பது செபஸ்தியாருக்குத் தெரியும் என்று சொல்வார்.

போன வருடம் அவர் மனைவி ஞானமேரி இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் படுத்துவிட்டாள். மருத்துவர்கள் நிச்சயமாக எதுவும் சொல்லவில்லை. அப்போது கஸ்பார் நேர்ச்சை செய்தார். இவள் எழுந்து நடந்தால், உம்முடைய சப்பரத்தின் முன் தண்டை நான் சுமப்பேன் என்று. மாதங்கள் போயின. சிகிச்சையும் நடந்தது, செபமும் நடந்தது. ஞானமேரி முதலில் சுவரைப் பிடித்தும், பிறகு பிடிக்காமலும் நடந்தாள். இனி கஸ்பார் தன் பங்கைச் செய்ய வேண்டியதுதான் பாக்கி.

திருவிழா நெருங்கிய சமயத்தில்தான் மகள் ஆன்சி அவர் தலையில் இடியைப் போட்டாள். அவள் பிளஸ் ஒன் படிக்கிறாள். இயற்பியல் புத்தகத்தை உரக்கப் படித்துக்கொண்டிருந்தவள் சட்டென்று நிறுத்திச் சிரித்தாள்.

"அப்பா, இந்தப் பாடத்துப்படி பார்த்தா நீங்க நாள் பூரா செய்யறது வேலையே இல்லீங்."

கஸ்பாரும் சிரித்தார். ஆனால் மறுபடி படிக்கச் சொன்னார். அவள் விளக்கினாள். மூட்டையைத் தாங்கும் விசை மேல்நோக்கி இருக்கிறது. நடப்பதோ பக்கவாட்டில். விசையின் திசையில் மூட்டை நகரவில்லை. அதனால் மூட்டையின் மேல் செய்த வேலை சுழி, அதாவது பூஜ்யம். அப்படியானால் உடம்பு ஏன் வலிக்கிறது என்று அவர் கேட்டார். தசைகள் உள்ளுக்குள்ளே இழுத்துப் பிடித்துக்கொண்டே இருப்பதால், தின்ற சோறெல்லாம் சூடாகப் போய்விடுகிறது என்றாள்.

மறுநாள் ஆலையில் இதையே வேடிக்கையாகச் சொன்னார். மாதையன் விடுவாரா?

"அப்ப பலகை ஏர்ற நாங்கதான் வேலைக்காரனுங்க. நீ சும்மா களத்துல உலாத்தற ஆளு," என்றார். அன்று முழுவதும் கஸ்பாரை யார் பார்த்தாலும் உலாத்தல் எப்படிப் போகிறது என்று விசாரித்தார்கள். அதுவரைக்கும் அவருக்கும் சந்தோஷம்தான்.

ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கம்தான் கெடுத்தது. பங்குத்தந்தை ஜெனிஷ், செயலில்லாத விசுவாசம், வேலை செய்யாத விசுவாசம், வெறும் பிணம் என்று அழுத்திச் சொன்னார். கஸ்பார் இரண்டையும் சேர்த்துப் பார்த்தார். செயல் என்றால் வேலை. சமதரையில் சுமந்தால் வேலை சுழி. சப்பரம் வரும் தெருக்கள் எல்லாம் சமதரை. அப்படியானால் அவர் நேர்ச்சை செலுத்தினாலும் செலுத்தாத மாதிரிதானே? அந்த வாரம் அவர் சொன்ன கதைகளின் முடிவெல்லாம் எல்லோருக்கும் கேட்டது. அவை அவ்வளவு நன்றாக இல்லை.

கடைசியில் பங்குத்தந்தையிடமே போனார். ஜெனிஷ் இளவயதுக்காரர். குருமடத்தில் தத்துவம் படித்தவர். சிரிக்காமல் முழுவதையும் கேட்டார்.

"இயற்பியல் எவ்வளவுன்னு கேக்குது. எதுக்குன்னு அது கேக்கறதில்லை. கோயில்ல நாம பேசறது அந்த எதுக்குங்கறதைத்தான். இது வேற வேலை, அது வேற வேலை."

"அப்பறம் ஏனுங்க சாமி, ரெண்டுக்கும் ஒரே பேரு வெச்சாங்க?"

பேர் வைத்தவர்களைத்தான் கேட்க வேண்டும் என்று ஜெனிஷ் ஒப்புக்கொண்டார். நேர்ச்சை கூலிக் கணக்கு அல்ல, நன்றி என்றும் சொல்லிப் பார்த்தார். கஸ்பார் தலையாட்டினார். ஆனால் மனம் ஆறவில்லை. நன்றியாக இருந்தாலும் சுழியாகவா கொடுப்பது?

அதனால் வேறொன்று கேட்டார். இந்த வருடம் சப்பரத்தை ஏரிக்கரை மேல் ஏற்றிக் கொண்டுபோனால் என்ன? கரைக்கு அந்தப் பக்கத்து வீட்டுக்காரர்களும் சப்பரம் தங்கள் தெருவுக்கு வருவதில்லை என்று வருடாவருடம் குறைப்பட்டுக்கொண்டிருந்தார்கள். பங்குத்தந்தை சம்மதித்தார். கஸ்பார் காரணத்தை மாதையனிடம் மட்டும் சொன்னார். முன் தண்டில் பக்கத்துத் தோளாக அவரையும் சேர்த்துக்கொண்டார். மாதையன் மாரியம்மன் பண்டிகைக்குச் சுமந்து பழகியவர். எந்தச் சாமியானாலும் தோள் ஒன்றுதான் என்று வந்துவிட்டார்.

திருவிழா மாலையில் சப்பரம் புறப்பட்டது. தெருக்களில் சுலபமாகப் போயிற்று. கரைச் சரிவு தொடங்கியதும் சீரியல் விளக்குகள் பின்பக்கமாகச் சாய்ந்தன. இளைஞர்கள் முனகினார்கள். பேண்டுக்காரர்களுக்கு மூச்சு வாங்கி, பாட்டு பாதியில் நின்றது. கஸ்பார் மட்டும் முகமெல்லாம் மலர்ச்சியாக ஏறினார். ஒவ்வொரு அடியும் கணக்கில் சேருகிறதே! பின்னால் ஞானமேரி செபமாலையோடு கூட்டத்தில் நடந்து வந்தாள். மேலே ஏறி, மறுபக்கம் மெல்ல இறங்கி, முதல் வீட்டு வாசலில் சப்பரத்தைத் தாங்குகட்டைகளின் மேல் நிறுத்தினார்கள்.

மாதையன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே ஆன்சியிடம் போனார். "எல்லாம் உன்ற பாடத்தால வந்தது கண்ணு. உங்கப்பனுக்கு வேலை சுழியா இருக்கக்கூடாதாம். அதுக்குத்தான் எங்களைக் கரை ஏத்தியுட்டான்."

ஆன்சி யோசிக்காமல் சொல்லிவிட்டாள். "ஆனா இறங்கும்போது அது கழித்தல் ஆயிருமுங்க மாமா. ஏறுனதும் இறங்குனதும் சரியாப் போயிரும். பொறப்பட்ட கோயிலுக்கே திரும்பி வந்தா, எந்த மேடு ஏறுனாலும் கடைசில சுழிதான்."

சொன்ன பிறகுதான் அப்பா பக்கத்தில் நிற்பதைப் பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டாள். மாதையன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். இளைஞர்கள் கஸ்பாரை முறைத்தார்கள். கஸ்பார் தண்டில் கையை வைத்தபடி அப்படியே நின்றார்.

ஞானமேரி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். யாரோ அவளிடம் விஷயத்தைச் சொல்லியிருந்தார்கள்.

"ஏனுங்க, போன வருசம் கட்டில்ல என்னையத் திருப்பிப் படுக்க வைக்க ரெண்டு ஆளு வேணும். இப்ப நானு ஏரிக்கரை ஏறி எறங்கி வந்து நிக்கறேன். இதை எந்தப் பாடத்துல போடுவீங்க?"

கஸ்பார் அவளுடைய கால்களைப் பார்த்தார். கரையின் செம்மண் கணுக்கால்வரை ஒட்டியிருந்தது.

"காலு நோவுதா?"

"நோவுது. நல்லா நோவுதுங்க," என்றாள். அதை அவள் அவ்வளவு சந்தோஷமாகச் சொன்னாள்.

இத்தனை வருடமும் முதலில் மூட்டை, பிறகு கூலி என்றே பழகியவர் கஸ்பார். இந்த ஒன்றில் மட்டும் எல்லாம் முதலிலேயே கையில் வந்துவிட்டது. இனி எதைச் சுமந்து எதைச் சரிக்கட்டுவது?

"மாதையா, ஏமாத்திப்புட்டாரு செபஸ்தியாரு," என்றார். "மொதல்லயே குடுத்துட்டாரு."

"சரி, திரும்பறதுக்கு நல்ல வழி இருக்குதா, இல்ல மறுக்கா கரைதானா?" என்றார் மாதையன்.

"கரை ஒண்ணுதான் வழி."

இளைஞர்களிடமிருந்து பெருமூச்சு எழுந்தது. கஸ்பார் தண்டுக்குக் கீழே தோளைக் கொடுத்து, தூக்குங்கப்பா என்றார். பேண்டு மறுபடி தொடங்கியது. அம்மாவின் கையைப் பிடித்துக்கொள்ள ஆன்சி ஓடினாள். ஞானமேரி செபமாலையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டு, வேண்டாமென்று தலையசைத்துவிட்டு, சப்பரத்துக்குப் பின்னால் கரை ஏறத் தொடங்கினாள்.