தங்கப்பல் இடுக்கில் ஒரு சீழ்க்கை

வாசகசாலைப் பலகைக்கு முன்னால் நிற்கும் முத்தியால்பேட்டை மகாஜனங்களே! இன்று எனக்கு நடந்ததை நீங்கள் ஒருவரும் நம்பப்போவதில்லை. அது தெரிந்தே, சத்தியம் செய்து தொடங்குகிறேன்.

என் முன்பல்லின் தங்க உறை உலகறிந்தது. அந்த நாளில் ஒரு பிரெஞ்சு வைத்தியர் மாட்டியது. அதன் ஒளியைப் பார்த்துக் கப்பல்கள் கரை சேர்ந்திருக்கின்றன. வைத்தியர் சீமைக்குப் போய்விட்டார். அவர் போன துக்கத்தில் ஈறும் பின்வாங்கி, உறைக்கு மேலே ஒரு இடுக்கு விழுந்துவிட்டது.

காலையில் புதிய பல் டாக்டர் பார்த்தார்.

"ஈறு மேல ஏறி வேர் தெரியுதுங்க. பழைய உறையக் கழட்டிட்டு, புதுசு போட்டு இடுக்க அடைச்சிடலாம். நாளைக்கு வந்துடுங்க."

திரும்பும்போது தெருமுனையில் ஒரு பெருமூச்சு விட்டேன். அந்த இடுக்கு வழியாகச் சீழ்க்கை கிளம்பியது. கடலில் மீன்கள் துள்ளின. போலீஸ்காரர் சல்யூட் அடித்தார்.

போன வருஷம் செத்துப்போன என் கூட்டாளி கோவிந்தன், சாப்பாட்டுக்கு வரும்போது அதே முனையில் அடிக்கும் அதே சீழ்க்கை!

அவன் வீட்டுக் கதவு திறந்தது. அவன் மனைவி நின்றாள், கையில் சாப்பாட்டுத் தட்டு.

"நீங்களாண்ணா?" என்றாள். தட்டைக் கீழே வைக்காமலே, "இன்னொரு வாட்டி அடிங்கண்ணா" என்றாள்.

ஊதி ஊதிப் பார்த்தேன். வெறும் காற்றுதான் வந்தது.

கப்பல், மீன், சல்யூட் எல்லாம் என் கைச்சரக்கு. அந்தத் தட்டு மட்டும் நிஜம்.

நாளை இடுக்கை அடைத்துக்கொள்ளட்டுமா, வேண்டாமா? பலகையில் பென்சில் தொங்குகிறது. எழுதிவிட்டுப் போங்கள்.