பயனிலைக்கு ரெண்டு கோடு

தோக்தொசுனுக்கு நாற்பத்தெட்டு வயது. நாரின் மலைக்கு மேலே தங்கச் சுரங்கத்தில் பதினோரு வருஷமாகப் பாறை லாரி ஓட்டுகிறவன். ஒரு தரம்கூட வண்டியைக் கவிழ்த்ததில்லை. அப்படிப்பட்டவனுக்குத்தான் கம்பெனிக்காரர்கள் இங்கிலீஷ் பரீட்சை வைத்தார்கள். பெயிலானவன் மறுநாள் சாயங்கால பஸ்ஸில் கீழே இறங்கிவிட வேண்டும். வேலை அதோடு போச்சு.

பத்து வாக்கியம். பயனிலை எதுவோ அதற்குக் கீழே கோடு போட வேண்டும்.

பாறை ஏற்றுகிற நேரமெல்லாம் ஸ்டியரிங் மேலே புத்தகத்தை விரித்து வைத்துப் படித்தவன் அவன். எங்கள் மலை நாட்டுப் பேச்சில் வினை வாலில் நிற்கும். இங்கிலீஷ்காரன் அதைக் கொண்டுபோய் நடுவில் வைக்கிறான். தோக்தொசுன் தனக்கென்று ஒரு வழி பிடித்தான். ஆட்டுத் தலையைப் பெரிய விருந்தாளிக்கு எடுத்து வைக்கிற மாதிரி, யார், எது என்பதை முதலில் தனியே எடுத்துவிடு. மிச்ச உடம்பு முழுக்கப் பயனிலை.

பரீட்சை எழுதின மறுநாள் தாள் வந்தது. சைபர். அவனுக்கு மட்டுமில்லை, நாற்பது தாண்டின பதினாலு பேருக்கும் சைபர்.

ஆபீஸ் கதவை உதைத்துத் திறந்தான். தலைநகரிலிருந்து வந்த பரீட்சைக்காரன் எல்தார், இருபத்தஞ்சு வயசு, ரொட்டியும் டீயுமாக உட்கார்ந்திருந்தான்.

"இதுக்கு எதுக்குய்யா சைபர்?"

"அண்ணே, பயனிலைக்கு மட்டும் கோடு போடச் சொன்னா, வாக்கியம் பூரா இழுத்து வச்சிருக்கீங்க. நான் எதைன்னு எடுத்துக்கிறது?"

"எழுவாய்க்கு ஒரு கோடு, பயனிலைக்கு ரெண்டு கோடு! கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு? அப்படிப் போடலேன்னா அந்தக் காலத்துப் பள்ளிக்கூடத்துல எங்க வாத்தியார் தோலை உரிச்சிருவாரு. நீ எங்கய்யா படிச்சே?"

"இங்கிலீஷ் பள்ளிக்கூடம்ணே. அங்க இதெல்லாம் கிடையாது."

"உன் ஆத்தா எங்க காலத்துல படிச்சவதானே? அவளுக்குப் போன் போடு. நான் கேக்குறேன்."

போட்டான். ஸ்பீக்கரில் அம்மா கத்தினது வெளி வராந்தா வரை கேட்டது.

"ஒரு கோடு எழுவாய், ரெண்டு கோடு பயனிலை. இதுகூடத் தெரியாத கழுதையையா பெத்தேன்? சாப்பிட்டியாடா?"

எல்தார் காது சிவக்கத் தாளைத் திருத்தினான்.

"ஒன்பது, அண்ணே. பாஸ். கோவிச்சுக்காதீங்க, ரொட்டி எடுத்துக்குங்க."

எந்த வீட்டிலும் நீட்டின ரொட்டியில் ஒரு துணுக்காவது பிய்த்து வாயில் போடாமல் எங்கள் ஆட்கள் எழுந்து போவதில்லை. தோக்தொசுன் தட்டைத் தள்ளினான். நாற்காலியை இழுத்துக் கதவை மறித்துப் போட்டு உட்கார்ந்தான்.

"பஸ் கிளம்ப ரெண்டு மணி நேரம் இருக்கு. மத்த பதிமூணு தாளையும் எடு. கடைசித் தாள் முடியட்டும். அப்புறம் பாக்கலாம் உன் ரொட்டியை."