இரவல் நாற்காலியும் மெம்பர் சித்தியும்

தொண்ணூறுகளின் பிற்பாதியில், களக்காட்டுப் பக்கத்தில் எங்கள் ஊரில், பெண்களுக்கென்று ஒதுக்கிய வார்டில் என் சித்தி ஜெயித்துவிட்டாள். சித்தப்பா போய்ச் சேர்ந்து, பிள்ளையும் இல்லாமல், வாழைத்தோட்டத்தில் கூலி வேலை பார்த்தவள். இடுப்பு விட்டுப்போன பிறகு விதவை பென்ஷன்தான் அவளுக்குச் சோறு. மெம்பர் ஆனதும் பஞ்சாயத்துக் கூட்டத்துக்குப் போனால் படி என்று கொஞ்சம் காசு கொடுத்தார்கள். அது டீக்கும் வடைக்கும் சரியாகப் போகும். தோற்ற கோஷ்டிக்கு அதுவே கண்ணை உறுத்தியது. படி வாங்குகிறவளுக்குப் பென்ஷன் எதற்கு என்று தாலுகா ஆபீசுக்கு மனுப் போட்டுவிட்டார்கள்.

மனு விஷயம் எங்களுக்குத் தெரியாது. தலையாரி வந்து, "மெம்பரைப் பாக்க நாளைக்கு ஆபீசர் வாராரு" என்றார், அவ்வளவுதான். தெரு சும்மா இருக்குமா? ஒரு வீட்டு நாற்காலி, ஒரு வீட்டு ஃபேன், எவர்சில்வர் டம்ளர், டவுணிலிருந்து அல்வா எல்லாம் வந்து இறங்கின. பட்டுச்சேலை அடுத்த வீட்டுக்காரியுடையது, சங்கிலி என்னுடையது. சித்தி கல்யாணப்பெண் மாதிரி கூசிக்கொண்டு நின்றாள். ஆனாலும் அவளுக்கு அது பிடித்திருந்தது.

ஆபீசர் நாற்காலியில் உட்கார்ந்து, அல்வாவைத் தின்று முடித்த பிறகுதான் வாயைத் திறந்தார்.

"வருமானம் இல்லாதவங்களுக்குத்தாம்மா பென்ஷன். உங்களுக்குப் படியும் வருது, வீடும் இப்படி இருக்கு. நிறுத்தச் சொல்லித்தான் எழுதணும்."

வரவேற்கப் போய் அவள் சோற்றில் நாங்களே மண்ணை அள்ளிப் போட்டுவிட்டோமே!

சித்தி வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "ஏட்டி, அவவ சாமானை அவவ எடுத்துட்டுப் போங்க."

ஃபேன் போனது, டம்ளர் போனது. சங்கிலியைக் கழற்றி என் கையில் வைத்துவிட்டு, உள்ளே போய்ப் பழைய சேலையில் திரும்பி வந்தாள். நாற்காலிக்காரி தயங்கித் தயங்கி வந்து நிற்க, ஆபீசர் தானே எழுந்துகொண்டார். மிஞ்சியது ஒரு பாயும் கஞ்சிப் பானையும்தான். ஒன்றுமில்லாதவள் என்று ஊர் பார்க்க நிரூபித்தால்தான் சோறு என்கிற சட்டத்தின்மேல் எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது.

"கூட்டம் போட்டாத்தான் சார் படி. வயிறு தெனமும்லா பசிக்கி" என்றாள் சித்தி.

பென்ஷன் தொடரலாம் என்று அவர் நின்றபடியே எழுதினார். பேனாவை மூடப் போனவரைச் சித்தி விடவில்லை.

"மூடாதீங்க சார். வந்ததுதான் வந்தீங்க, இந்தத் தெருவுல இன்னும் ரெண்டு பேரு பென்ஷன் இல்லாம கெடக்காவ. மெம்பர் சொல்லுதேன், எழுதிக்கிடுங்க."